லாஞ்செஸ்டருக்கு விழுந்த வெள்ளைப் பூ

திண்டுக்கல்,
22-1-1961

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் தம்பி நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நான், முத்துப்பேச்சி, பிள்ளைகள் எல்லோரும் நலம். அங்கே உங்கள் இருவருக்கும் பேச்சியம்மன் துணை. நாகபுரிக் குளிரில் மச்சானுக்கு இருமல் வந்திருப்பதாக எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

பொங்கல் கழிந்து கன்னிவாடிக்குப் போய் நம் பூக்காட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். மல்லி கவாத்து முடிந்து நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அப்பா வைத்த வேம்பின் நிழல் இப்போது கிணற்று மேடு வரை விழுகிறது. இதை எழுதிவிட்டு அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

போன வாரம் பேகம்பூரில் அப்துல் கையூம் ராவுத்தருடைய தோல் பதனிடும் கொட்டகையில் லாரி நின்றுவிட்டது என்று என் பட்டறைக்கு ஆள் வந்தது. போய்க் கிளப்பிவிட்டு, கை கழுவத் தண்ணீர் தேடினேன். ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது லாஞ்செஸ்டர், அக்கா. ராவுத்தருடைய தகப்பனார் முப்பத்திரண்டில் சீமையிலிருந்து தருவித்தது. மதுரை ஜில்லாவில் இன்னொன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதில் கியர் போடுவதே வேறு மாதிரி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. எந்தக் கியர் வேண்டுமோ அதை முன்னாலேயே அதில் வைத்துவிட வேண்டும். வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் எப்போது காலால் மிதிக்கிறோமோ அப்போதுதான் கியர் மாறும். சத்தமே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன், கையால் தொட்டது இதுதான் முதல் தடவை.

“அத்தா வாங்குன வண்டி தம்பி. என் மகன் சௌகத் அலி இத ஒடச்சு இரும்புக்குப் போட்டுட்டு, மூட்டை அடுக்க எடம் குடுங்கன்றான். ஓட்டுறேன்னு சொல்றவனுக்குத்தான் குடுப்பேன். நோன்புப் பெருநாள் வரைக்கும் பொறுத்துப் பாக்குறேன்” என்றார் ராவுத்தர்.

கையில் இருப்பது போதாது. பூக்காட்டை விற்றால்தான் வண்டியை வாங்கவும் முடியும், சரிசெய்யவும் முடியும். பக்கத்துக் காட்டுப் பொன்னுத்துரை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புதுச் சட்டப்படி அப்பா சொத்தில் உனக்கும் பாதி. உன் கையெழுத்து இல்லாமல் ஆகாது. வண்டியைக் கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விட்டு, முதலில் உன் பங்கைத்தான் கொடுப்பேன்.

முத்துப்பேச்சி முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். “ஊரான் வண்டி அம்புட்டும் நம்ம வாசல்லதான் கெடக்கு, இதுல நமக்குன்னு ஒரு ஓட்டை வேறயா?” என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
நாச்சிமுத்து

*

நாகபுரி,
4-2-1961

அன்புத் தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா அய்யம்மாள் ஆசி கூறி எழுதுவது. நீயும் முத்துப்பேச்சியும் பிள்ளைகளும் நலம் என்று அறிந்து சந்தோஷம். நான் நலம். மச்சானுக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது. குளிர் போனால் அதுவும் போய்விடும் என்கிறார்கள்.

உன் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கோழி அடைகாத்த இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்து இருமலில் கொண்டுபோய் விட்டார். “உன் தம்பி காரு வாங்குறானா, கோழி வாங்குறானான்னு கேட்டு எழுது” என்றார். கேட்டுவிட்டேன்.

அப்பாவின் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல், “அக்காதான் பிரிச்சா” என்று சொன்னவன் நீ. அன்றைக்கு நான் வாங்கிய அடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. காரிலும் என்னை மாட்டிவிடாதே.

விளையாட்டு இருக்கட்டும். மச்சான் வேலையை விட்டு ஊருக்கு வந்தபின் அந்த வேம்புக்குப் பக்கத்தில் இரண்டு அறை போட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. எங்களுக்குப் பிள்ளையா குட்டியா, அந்த இடத்தை நினைத்துக்கொண்டுதான் இந்த ஊரில் காலம் தள்ளுகிறோம். அதெல்லாம் இப்போதைக்கு இல்லை. இருந்தாலும் நீ கேட்டதும் முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது. நன்றாக யோசித்து எழுது.

முத்துப்பேச்சியைக் கோபப்படுத்தாதே. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
அய்யம்மாள்

*

திண்டுக்கல்,
14-2-1961

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மச்சானுக்கு ஆடாதொடை இலைக் கஷாயம் வைத்துக் கொடு. அங்கே கிடைக்காவிட்டால் காயவைத்து அனுப்புகிறேன்.

நீ எழுதியதை யோசித்தேன். மச்சான் வேலையை விட்டு வர இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. அதற்குள் வண்டி சம்பாதித்துக் கொடுக்கிற காசில் வேறு இடமே வாங்கிவிடலாம். அதுவரைக்கும் என் வீட்டு மாடி அறை உங்களுடையதுதான். இதைச் சொல்ல வேண்டுமா என்ன?

நேற்று மறுபடியும் பேகம்பூர் போனேன். வீட்டில் லாரி வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன், இறுகிப் போகவில்லை. உள்கூட்டு மரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, மேல்தகடு அலுமினியம் ஆனதால் துருவே இல்லை. ஒரே ஒரு கவலை, மதராஸிலிருந்து சினிமாக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு முகவரி கொடுத்துப் போயிருக்கிறார். படத்தில் மலையிலிருந்து உருட்டிவிட ஒரு பழைய கார் வேண்டுமாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா, எனக்கு வயது முப்பத்தாறு. இதுவரை படுத்துக்கிடந்ததெல்லாம் அடுத்தவர் லாரிக்கு அடியில். நான் ஆசைப்பட்டு உன்னிடம் கேட்டது எதுவுமில்லை. இப்படி எழுதுவது உன்னை வற்புறுத்துவது போல் இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினாலும் இதுதான் வருகிறது, அதனால் இப்படியே அனுப்புகிறேன்.

உன் தம்பி,
நாச்சிமுத்து

*

நாகபுரி,
2-3-1961

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். எல்லோரும் நலந்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மச்சான் கொஞ்ச நாளாக லீவில் இருக்கிறார். ஆண்பிள்ளை வீட்டிலிருந்தால் வேலை இரட்டிப்பு என்பது முத்துப்பேச்சிக்குத் தெரியும்.

வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தால் உன் முகம் வந்து நிற்கிறது. சரி என்று எழுதப் போனால் அந்த வேம்பு வந்து நிற்கிறது. என்னால் முடியவில்லை. நம் பேச்சியம்மனிடம் பூக்கட்டிப் பார். எனக்குப் பெண் கேட்டு வந்தபோதும் அப்பா அப்படித்தான் செய்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் வாங்கு. சிவப்பு வந்தால் அந்த வண்டியை மறந்துவிடு.

பொட்டலத்தை நீ கட்டு. முத்துப்பேச்சி எடுக்கட்டும். அவளுக்கு வண்டியில் ஆசை கிடையாது, என் பூக்காட்டிலும் ஆசை கிடையாது. அவள் கை பொதுவான கை. எடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரிக்கட்டும். மற்றதைப் பிரிக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும்.

அம்மன் என்ன சொன்னாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பத்திரத்தை அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

அக்கா,
அய்யம்மாள்

*

திண்டுக்கல்,
15-3-1961

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மச்சானின் உடல்நிலைக்கு எழுதவும்.

நேற்று செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் வந்தோம். வெள்ளை வந்தது.

பத்திரத்தை ரிஜிஸ்தர் தபாலில் இன்றே அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் குறி போட்டிருக்கும் இடங்களில் கையெழுத்துப் போடவும்.

நாச்சிமுத்து

*

திண்டுக்கல்,
17-3-1961

அன்புள்ள மதினிக்கும் அண்ணனுக்கும் முத்துப்பேச்சி கும்பிட்டு எழுதுவது. பெரியவளும் சின்னவனும் சுகம். அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

மதினி, உங்கள் தம்பி எல்லாவற்றையும் எழுதியிருப்பார். இருந்தாலும் நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொட்டலம் இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி தீபம் காட்டினார். “மனசுல ஒண்ணும் நெனைக்காம எடு தாயி” என்றார். நான் நினைக்காமலா இருந்தேன்? சிவப்பு வரணும் ஆத்தா, இந்த மனுசனுக்குப் புத்தி வரணும் என்று வேண்டிக்கொண்டுதான் கையை நீட்டினேன். பிரித்தால் வெள்ளை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் வேண்டியதற்கு மாறாக அம்மன் கொடுக்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, இல்லையா? வீட்டுக்கு வந்ததும் என் சங்கிலியைக் கழற்றி, வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையைப் பிடித்து அதில் வைத்தேன். உங்கள் தம்பி கண்ணில் தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாமி விஷயத்தில் இவ்வளவு பக்தி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

மற்றப் பொட்டலத்தை வழியில் கிணற்றில் போடச் சொன்னார். அம்மன் காலடியில் இருந்ததைக் கிணற்றில் போட எனக்கு மனம் வரவில்லை. போட்டுவிட்டேன் என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். பிரிக்கவில்லை, சத்தியமாக. இந்தக் கவரில் திருநீறோடு அதையும் வைத்திருக்கிறேன். அண்ணன் தலைமாட்டில் வையுங்கள், இருமல் நின்றுவிடும். இவருக்குத் தெரிந்தால் கோபிப்பார், எழுதிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி,
முத்துப்பேச்சி

*

திண்டுக்கல்,
30-4-1961

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். ஒன்றரை மாதமாக ஒரு வரிகூட இல்லை. பத்திரம் வந்து சேர்ந்ததா? மச்சான் சுகமா? நான் நடுவில் போட்ட இரண்டு கார்டுகளும் கிடைத்தனவா?

நோன்புப் பெருநாள் போய்விட்டது. ராவுத்தர் எனக்காக பக்ரீத் வரை நாள் தள்ளியிருக்கிறார். “ஓங்க அக்கா கையெழுத்துக்காகத்தானே, வரட்டும் தம்பி. பொம்பளப் புள்ள சொத்து, அவசரப்படுத்தாதீங்க” என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டபின் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

உனக்கு இஷ்டமில்லை என்றால் அதையாவது எழுது. உண்மையைச் சொன்னால், சில நாள் நீ முடியாது என்று எழுதிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது. ஏன் என்று கேட்காதே. காலையில் அப்படித் தோன்றுகிறது, சாயங்காலம் பேகம்பூர்ப் பக்கம் போனால் அந்த நினைப்பு போய்விடுகிறது.

நாச்சிமுத்து

*

நாகபுரி,
16-5-1961

தம்பி நாச்சிமுத்துவுக்கு ஆசிகள்.

நீ குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் இரண்டு கார்டுகளும் கிடைத்தன. வெயில் அதிகம், எழுத ஓடவில்லை.

முத்துப்பேச்சி அனுப்பிய பிரசாதம் வந்தது என்று அவளிடம் சொல். அவளை நன்றாக வைத்துக்கொள். அவள் சங்கிலியை விற்காதே, திருப்பிக் கொடுத்துவிடு.

மச்சான் உன்னை விசாரித்தார்.

அய்யம்மாள்

*

திண்டுக்கல்,
20-9-1961

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். இந்த நான்கு மாதத்தில் நான் எழுதிய கடிதங்களுக்கு நீ கார்டில் இரண்டு வரிதான் எழுதுகிறாய். கோபமா?

வண்டி ஓடுகிறது அக்கா. பேகம்பூரிலிருந்து என் பட்டறைக்கு இரண்டு மாடு பூட்டி இழுத்து வந்தது வைகாசியில். கரையான் தின்ற மரத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டேன். கிடைக்காத சாமான்களைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கினேன். டயருக்குக் கோயமுத்தூர் வரை அலைந்தேன். சீட்டுக்கு ராவுத்தர் தன் கொட்டகைத் தோலையே கொடுத்தார், விலை வாங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து சின்னாளப்பட்டி வரை ஓட்டிக்கொண்டு போனேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்க வேண்டும்! இல்லை அக்கா. வெள்ளிக்கிழமை தவறாமல் முத்துப்பேச்சி வண்டிக்கு மஞ்சள் தெளித்து, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டுகிறாள். “இது அம்மன் குடுத்த வண்டி” என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் நின்று, முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வந்து சக்கரத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிவிட்டாள். நான் பட்டறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. பள்ளிக்கூடத்து ஜெயமேரி டீச்சர் பட்டறைப் பக்கம் வந்தார். அவருடைய அண்ணனும் நம் மச்சான் வேலை பார்க்கும் அதே நாகபுரிப் பஞ்சு மில்லில்தான் இருக்கிறார். “ஓங்க மச்சான் வேலைய விட்டு நின்னு ஆறு மாசத்துக்கு மேல ஆச்சாமே, நெஞ்சு சரியில்லன்னு. இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். உண்மையா? உண்மை என்றால் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

உடனே எழுது.

நாச்சிமுத்து

*

நாகபுரி,
8-10-1961

அன்புத் தம்பிக்கு ஆசிகள். ஜெயமேரி டீச்சர் சொன்னது உண்மைதான். பஞ்சுத் தூசி மச்சானுக்கு இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாசியிலிருந்து வேலைக்குப் போகவில்லை. இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னைக் கேலி செய்கிறார். படி ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது.

நாங்கள் இருப்பது மில் கொடுத்த வீடு. கார்த்திகைக்குள் காலி செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறோம். வெளிச்சம் கொஞ்சம் குறைவு. நாங்கள் இரண்டு பேர்தானே, எப்படியும் இருந்துகொள்ளலாம். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

வண்டி ஓடுகிறது என்று படித்ததும் மச்சான், “கோழி என்னாச்சுன்னு எழுதலையே” என்றார்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அய்யம்மாள்

*

திண்டுக்கல்,
19-10-1961

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதிகூட எனக்கு இல்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அம்மன் வெள்ளை கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்துக்கொண்டேன்.

பூசாரி இரண்டு நிறப் பூவும் கையில் கொடுத்தார். வாழை இலைத் துண்டை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். முதலில் சரியாகத்தான் கட்டினேன், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. கட்டி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மலையிலிருந்து உருட்டிவிடப்போகிற அந்த வண்டிதான் கண்ணுக்குள் வந்தது. சிவப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். பூவை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, மிச்சமிருந்த வெள்ளையை வைத்துக் கட்டினேன். முத்துப்பேச்சி எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான். அவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு நின்றாள், நான் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றேன். இதைவிட எனக்கு என்ன கேவலம் வேண்டும்?

உன் வீட்டை விற்றுத்தான் நான் கார் வாங்கியிருக்கிறேன். அது தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. வேம்புக்குப் பக்கத்தில் இரண்டு அறை என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்தபிறகுதான் செய்தேன்.

நேற்றுக் கன்னிவாடிக்குப் போய்ப் பொன்னுத்துரை காலில் விழாத குறையாகக் கேட்டேன். மல்லியைப் பிடுங்கிவிட்டு வாழை வைத்திருக்கிறார். வேம்பை மட்டும் வெட்டவில்லை. “மொறையாத்தானே வாங்குனேன் அப்பு. வாழை இப்பத்தான் வளந்து வருது, இப்ப வந்து கேட்டா எப்புடி?” என்கிறார். அவர் மேல் தப்பில்லை.

சினிமாக் கம்பெனிக்காரருடைய முகவரி இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை எழுது, வண்டியை விற்று வேறு இடம் வாங்கித் தருகிறேன். அவர்கள் அதை எங்கிருந்து உருட்டிவிட்டாலும் சரி. அந்த இருட்டு அறைக்குப் போகாதே. மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. படி ஏற முடியாது என்கிறாய், கீழே முன் அறையைக் காலி செய்துவிட்டேன். சாமான் போட்டுவைக்கிற இடமாக இருந்தது, வெள்ளையடித்தாயிற்று.

முத்துப்பேச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. சங்கிலியைக் கொடுத்தால் வாங்க மாட்டேன், அம்மனுக்குக் கொடுத்தது என்கிறாள்.

உன் தம்பி என்று எழுதவும் கூசுகிற,
நாச்சிமுத்து

*

நாகபுரி,
10-11-1961

அன்புத் தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா அய்யம்மாள் ஆசி கூறி எழுதுவது. நாங்கள் சுகம். தீபாவளிக்கு மச்சான் எண்ணெய் தேய்த்துக் குளித்தார், இரண்டு அதிரசம் சாப்பிட்டார்.

நீ எழுதியது எனக்கு மார்ச்சு மாதமே தெரியும்.

முத்துப்பேச்சி பொட்டலத்தைக் கிணற்றில் போடவில்லை. இங்கே எனக்கு அனுப்பிவிட்டாள். அண்ணன் தலைமாட்டில் வையுங்கள், இருமல் நிற்கும் என்று எழுதியிருந்தாள். நான் வைப்பதற்கு முன் பிரித்துப் பார்த்தேன். பிரிக்கக் கூடாது என்று தெரியும். என் வீடு போய்விட்டதே என்ற ஆற்றாமை, அம்மன் வேண்டாம் என்று ஒதுக்கிய பூவையாவது கண்ணால் பார்ப்போம் என்று பிரித்தேன். சிவப்பு அரளி காய்ந்தால் கறுத்துப் போகும். இது வைக்கோல் நிறத்தில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தம்பி, அன்றைக்கு நான் அழுத அழுகையை உனக்கு எழுத மாட்டேன்.

இரண்டு மாதம் நான் உனக்கு எழுதாமல் இருந்தது அதனால்தான். பத்திரத்தைக் கிழித்துப் போட இரண்டு தடவை கையில் எடுத்தேன். மச்சான்தான், “போட்டுக் குடு. யாரோ ஒருத்தனா, உன் தம்பிதானே. என்னைக்காவது அவனே வந்து சொல்லுவான், அதுக்குக் காத்திருப்போம்” என்றார். நீ குறி போட்ட இடத்தில் எல்லாம் போட்டேன். அம்மன் சொன்னாள் என்று போடவில்லை, நீ கேட்டாய் என்று போட்டேன். என்னிடம் நேராக, “அக்கா, உன் வீடு எனக்கு வேண்டும்” என்று கேட்டிருந்தாலும் அழுதுகொண்டே போட்டிருப்பேன். நீ அப்படிக் கேட்காமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் சுத்தமில்லை. ‘இப்போதைக்கு இல்லை’ என்று உனக்கு எழுதினேனே, அதற்கு முன்பே டாக்டர் மச்சானைப் பார்த்துவிட்டார். நோயைச் சொன்னால் நீ ஆசையை விட்டுவிடுவாய், பிறகு என் காலமெல்லாம் அது உறுத்தும் என்று மறைத்தேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சாமி சொல்லட்டும் என்று அம்மன் மேல் தள்ளிவிட்டு, சிவப்பு வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த அம்மனைப் படாத பாடு படுத்தியிருக்கிறோம்.

உன் முதல் கடிதத்தை நேற்று எடுத்துப் படித்தேன். கியரை முன்னாலேயே வைத்துவிட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது, தம்பி.

வண்டியை விற்காதே. விற்றுவிட்டால் செய்தது தீர்ந்தது என்று உனக்குத் தோன்றிவிடும். அது வாசலிலேயே நிற்கட்டும், தினமும் பார். ராவுத்தர் ஓட்டுகிறவனுக்குத்தான் கொடுத்தார், உருட்டிவிடுகிறவனுக்கு இல்லை.

அந்த முன் அறைக்கு நாங்கள் வருகிறோம். வேறு போக்கிடம் இல்லை என்பதால் வருகிறேன் என்று வைத்துக்கொள்ளாதே. நீ சொல்லிவிட்டாய், அதனால் வருகிறேன். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை மதராஸ் வண்டியில் திண்டுக்கல் வந்து இறங்குவோம். லாஞ்செஸ்டரை ஸ்டேஷனுக்குக் கொண்டு வா. மச்சான் அதில் ஏற வேண்டும் என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறார். முத்துப்பேச்சியையும் கூட்டி வா.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அவள் ஒரு பாவமும் அறியாதவள். அவள் கையை வைத்துத்தான் நீ அம்மனை ஏமாற்றினாய், அவள் இன்னும் அந்த வண்டிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும், நாங்கள் வந்து சேர்வதற்குள். அந்தப் பொட்டலத்தை மறுபடி கட்டி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் இறங்கியதும் நான் உன்னைப் பார்க்க மாட்டேன், அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். நீ சொன்னாயா இல்லையா என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிடும். சொல்லியிருந்தால் வண்டியில் ஏறுவேன். இல்லாவிட்டால் மச்சானை உன்னோடு அனுப்பிவிட்டு நான் குதிரை வண்டி பிடித்து வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அக்கா,
அய்யம்மாள்